இழுப்பறையில் ஒரு சாவி

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ஜாக்சன் என்ற ஊர். அங்கே ஒரு சின்ன மோட்டலில் மூன்று வருடம் இரவு ஷிப்ட் பார்த்தேன். மனைவிக்கு அந்த ஊரில் நர்ஸ் வேலை கிடைத்ததால் போனோம். மதுரையில் பத்து வருடம் லாட்ஜ் ரிசப்ஷனில் நின்றவன் என்பதால் எனக்கு வேலை புதிதில்லை. இரவு பதினொன்றிலிருந்து காலை ஏழு வரை கணக்கு முடிப்பது, காபி போட்டு வைப்பது, குடித்துவிட்டு அறை எண்ணை மறந்தவர்களைக் கூட்டிப்போய் விடுவது. எல்லா ஊரிலும் இதே வேலைதான்.

ஏப்ரல் கடைசி வாரம் மட்டும் கதை வேறு. சேறு அப்பிய பூட்ஸும் பைனாகுலருமாக வந்து இறங்குவார்கள். கொம்பு பொறுக்க வந்தவர்கள்.

ஊருக்கு வடக்கே எல்க் மான்களுக்கென்று 1912இல் ஏற்படுத்திய சரணாலயம் இருக்கிறது. குளிர்காலத்தில் மலையில் பனி மூடியதும் ஆயிரக்கணக்கான மான்கள் அங்கே இறங்கிவிடும். மார்ச், ஏப்ரலில் கடாக்களின் கொம்பு தானாக உதிரும். அடுத்த சில மாதங்களில் புதிதாக முளைத்து மறுபடி முழு அளவுக்கு வந்துவிடும். சரணாலயத்துக்குள் உதிர்வதை வெளியார் தொடக்கூடாது. சாரணச் சிறுவர்கள் பொறுக்கி, மே மாதம் ஊர்ச் சதுக்கத்தில் ஏலம் விடுவார்கள். வருகிற பணத்தில் முக்கால் பங்கு சரணாலயத்துக்கே போகும். அந்தச் சதுக்கத்தின் நான்கு மூலையிலும் கொம்புகளாலேயே கட்டிய வளைவுகள் நிற்கின்றன. முதல் வளைவு 1953இல் எழுந்தது.

சரணாலயத்துக்கு வெளியே, தேசியக் காட்டில் உதிர்ந்தவை யார் கண்ணில் படுகிறதோ அவர்களுக்கு. ஆனால் ஜனவரி 1 முதல் ஏப்ரல் 30 வரை எடுக்கத் தடை. குளிர்காலம் முடிகிற நேரத்தில் மான்கள் எலும்பும் தோலுமாக இருக்கும். ஆள் நடமாட்டத்துக்கு மிரண்டு ஓடினால் மிச்சமிருக்கிற கொழுப்பும் கரைந்து செத்துப்போகும். அதனால் மே 1 பிறக்கும்வரை வண்டிகள் வரிசைகட்டிக் காத்திருக்கும். (நான் இருந்தபோது எல்லோருக்கும் ஒரே நாள். 2024இலிருந்து வெளி மாநிலத்தார் இன்னும் ஒரு வாரம் பொறுக்க வேண்டும்.)

முதல் வருடம் இதையெல்லாம் வாயைப் பிளந்து பார்த்தேன். நம் ஊரில் காட்டுக்குள் மான்கொம்பு கிடந்தால் தாண்டிப் போய்விட வேண்டும். உதிர்ந்ததுதான் என்று சொன்னாலும் 1972ஆம் வருடச் சட்டம் விடாது. இங்கே என்னடாவென்றால் பவுண்டுக்கு விலை. அந்த வருடம் வாசலில் தராசு போட்டிருந்த வியாபாரி பழுப்புக் கொம்புக்குப் பவுண்டுக்குப் பன்னிரண்டு, பதினைந்து டாலர் கொடுத்தார். வெயிலில் கிடந்து வெளுத்ததற்குக் குறைவு. சுண்ணாம்பாய் வெடித்துப் பொரிந்ததற்கு அதிலும் குறைவு. பெரும்பாதி நாய் கடிப்பதற்கு அறுபட்டுப் போகுமாம்.

லாபியில் காபி குடிக்க வருகிறவர்கள் பேசுவதில் பாதி திருட்டுக் கதைதான். தடைக் காலத்திலேயே போய், கிடைத்ததை மரத்தடியில் மறைத்து வைத்துவிட்டு, மே 1 அன்று அப்போதுதான் கண்டெடுத்த மாதிரி தூக்கி வருகிறவர்கள். முன்னால் போன வண்டியின் டயர் தடத்தைப் பிடித்துக்கொண்டே போகிறவர்கள். ஒருவர் தன் கொம்போடு படம் எடுத்துப் போட்டாராம். பின்னால் தெரிந்த மலைமுகட்டை வைத்தே இடத்தைக் கண்டுபிடித்து, அடுத்த வருடம் அவருக்கு முன்பே ஆறு பேர் அங்கே நின்றார்களாம். கொம்பு போனால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். இடம் போனால் பேச்சுவார்த்தை நின்றுவிடும். எந்தப் பள்ளத்தாக்கு என்பதைப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அதனால்தான் தாடிக்காரரையும் தொப்பிக்காரரையும் எனக்குப் பிடித்தது. பக்கத்து மாநிலமான ஐடஹோவிலிருந்து வருகிறவர்கள். பதினெட்டு வருடமாக ஒரே வண்டி, ஒரே அறை. யார் கண்ணில் பட்டாலும் மொத்த எடையில் சரிபாதி. இதைச் சொல்லும்போது தாடிக்காரருக்குக் கொஞ்சம் பெருமை வரும்.

2018, மே 2 இரவு. அன்று அவர்களுக்கு ஜோடி அமைந்திருந்தது. இடது கொம்பு முதல் நாள் தொப்பிக்காரருக்கு, வலது மறுநாள் அரை மைல் தள்ளித் தாடிக்காரருக்கு. கொம்பின் அடிக்குமிழையும் கிளை வளைந்த விதத்தையும் வைத்து ஒரே கடாவுடையது என்று கண்டுகொண்டார்களாம். பக்கத்துக்கு ஏழு கிளை. இப்படி ஜோடி சேர்ந்தால் எடைக்கணக்கு கிடையாது, கேட்ட விலை. என்னையும் வெளியே கூட்டிப்போய்க் காட்டினார்கள். பிக்கப்பின் பின்தட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. தூக்கிப் பார்த்தேன், நல்ல கனம்.

காலை ஐந்தரைக்குத் தாடிக்காரர் கவுண்டருக்கு வந்தார். தார்ப்பாய் கட்டியபடி இருக்கிறது, மற்ற கொம்பெல்லாம் இருக்கிறது, அந்த ஜோடியைக் காணோம்.

மேனேஜர் ஆறு மணிக்கு வந்தார். முதல் கேள்வி எனக்கு: தூங்கிவிட்டாயா? அடுத்தது லாண்டரி பார்க்கிற அம்மாவுக்கு. மெக்சிகோவில் த்லாஸ்கலா மாநிலத்துக்காரர். ஜாக்சனில் பாத்திரம் கழுவுகிறவர்களிலும் படுக்கை விரிக்கிறவர்களிலும் அந்த மாநிலத்துக்காரர்கள் நிறையப் பேர். தினமும் ஐந்து மணிக்கு மகன் பிக்கப்பில் கொண்டுவந்து விட்டுப் போவான். அன்று பையன் காபி குடிக்க நின்றிருந்தான். வண்டியைத் திறந்து காட்டச் சொன்னார் மேனேஜர். அவன் ஒன்றும் பேசாமல் திறந்தான். ஒரு ஏணி, இரண்டு பெயிண்ட் வாளி. அந்த அம்மா மடித்த துண்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். துண்டை வைத்துவிட்டு வரக்கூடத் தோன்றவில்லை போலிருக்கிறது.

நான் உள்ளே போய்க் கேமராவை ஓட்டிப் பார்த்தேன். வண்டி நின்ற மூலை அதில் விழாது, பக்கவாசல் மட்டும் தெரியும். 2.40க்குத் தொப்பிக்காரர் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு சாக்ஸோடு வெளியே போகிறார். 3.10க்குத் திரும்பி வருகிறார். அவ்வளவுதான். கையில் கொம்பு இல்லை, எதுவுமில்லை. தூக்கம் வராமல் நட்சத்திரம் பார்க்கப் போனேன் என்று அவர் சொன்னால் மறுக்க என்னிடம் ஒன்றும் கிடையாது.

கேமராவில் பார்த்ததை விருந்தினரிடம் சொல்லக்கூடாது என்பது மோட்டல் விதி. போலீஸ் கேட்டால்தான் காட்ட வேண்டும். சரி, விதிப்படியே வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தேன். வந்தால் மேனேஜர் அந்தப் பையனிடம் முகவரி கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"எங்கள் ஆட்கள் யாரும் இல்லை. கேமராவில் பார்த்துவிட்டேன்" என்றேன்.

யாருமே வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். எதுவும் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். தாடிக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு, படியில் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்த தொப்பிக்காரரைப் பார்த்தார். அவர் தலை நிமிரவில்லை. கட்டி முடித்த நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினார். போலீஸ் வேண்டாம் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டுத் தாடிக்காரர் அறைக்குப் போனார். பத்து மணிக்கு இருவரும் அதே வண்டியில் கிளம்பினார்கள் என்று பகல் ஷிப்ட்காரர் சொன்னார்.

அந்த வாக்கியத்தை எத்தனையோ இரவு திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாவுக்காகத்தான் சொன்னேன் என்று மனைவியிடம் சொன்னேன். முழு உண்மை இல்லை. தூங்கிவிட்டாயா என்று கேட்ட கோபம் உள்ளே இருந்தது. அரைமணி நேரம் வெளியே போய் வந்த ஒருவரை, நான் எதையும் பார்க்காமலே, அந்தக் கோபத்தில் கைகாட்டிவிட்டேன். மேனேஜர் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. பையன் அதற்குப் பிறகு அம்மாவைத் தெருமுனையிலேயே இறக்கிவிட்டுப் போனான்.

அடுத்த வருடம் ஏப்ரல் 30. முன்பதிவுத் தாளில் தாடிக்காரர் பெயரைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. இரண்டு பேரும் வந்தார்கள். அதே வண்டி, அதே அறை. பிக்கப்பின் பின்பக்கத்துக்கு மட்டும் புதிதாக மூடி போட்டு, பூட்டும் போட்டிருந்தார்கள். எப்படித் தீர்த்துக்கொண்டார்கள், கொம்பு கிடைத்ததா, எடுத்தது தொப்பிக்காரர்தானா, எதுவும் தெரியாது. நான் கேட்கவில்லை.

மே 1 ராத்திரி காட்டிலிருந்து திரும்பியதும் தாடிக்காரர் அந்தப் பூட்டுச் சாவியைக் கவுண்டரில் வைத்தார். காலைவரை நீங்களே வைத்திருங்கள், நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வந்து கேட்டால் கொடுத்தால் போதும் என்றார். நம் ஊர் பேங்க் லாக்கர் ஞாபகம் வந்தது. தொப்பிக்காரர் பக்கத்தில் நின்று தலையாட்டினார். சாவியை இழுப்பறையில் போட்டு மூடினேன்.

இரண்டரை மணி இருக்கும், தொப்பிக்காரர் தனியாக இறங்கி வந்தார். சாக்ஸ் மட்டும்தான் போட்டிருந்தார். காபி ஊற்றிக்கொண்டு, இந்த வருடம் மேட்டில் பனி இன்னும் இளகவில்லை என்றார். ஆமாம் என்றேன். என் கை இழுப்பறை மேல் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். எடுத்துவிட்டேன். அவரும் பார்த்திருப்பார். இன்னொரு கோப்பையை எடுத்துத் தாடிக்காரருக்கும் ஊற்றிக்கொண்டு மேலே போனார்.