லிவர் க்ளீன் சொட்டு மருந்து குடிக்கிறவர்களுக்கு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். எல்.எஃப்.டி. (கல்லீரல் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை) எடுக்க வருகிற பலரும் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் காட்டுகிறார்கள். "லிவரைக் க்ளீன் பண்ற ஹோமியோ சொட்டு, பாப்பா. சைடு எஃபெக்டே கிடையாது."

கழுவி எடுக்கிற மாதிரி கல்லீரலில் அழுக்கு எதுவும் சேர்வதில்லை. கொழுப்பு படிவது, ஹெபடைடிஸ் பி, சி வைரஸ், குடி, பெரும்பாலும் இவைதான் அதைக் கெடுக்கின்றன.

லேபிளைத் திருப்பிப் பாருங்கள். செலிடோனியம், கார்டுவஸ் மரியானஸ், நக்ஸ் வாமிகா (நம்ம ஊர் எட்டிக்கொட்டைதான்) என்று மூலிகைப் பெயர்கள் இருக்கும். பக்கத்தில் 30 சி என்று போட்டிருந்தால், நூற்றில் ஒரு பங்காக நீர்க்கச் செய்வதை 30 முறை செய்திருக்கிறார்கள். 12 முறை தாண்டினாலே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சுவது அரிது. எந்த நோய்க்கும் ஹோமியோபதி பலன் தருவதாக நம்பகமான சான்று இல்லை என்று ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2015-ல் சொல்லிவிட்டது.

'க்யூ' என்று இருந்தால் அது மதர் டிங்சர். மூலிகைச் சாறு நிஜமாகவே இருக்கும், ஆல்கஹாலோடு சேர்த்து. குடியால் கல்லீரல் கெட்டவருக்கு வீட்டில் அதையே தண்ணீரில் விட்டுக் கொடுக்கிறார்கள் என்று கேட்கும்போது வயிறு எரிகிறது. செலிடோனியம் மூலிகை சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி ஐரோப்பாவில் மருத்துவப் பதிவுகளே உண்டு.

துறைமுகத்தில் மீன் வியாபாரம் செய்யும் ஒரு அண்ணன் வந்திருந்தார். ரத்தத்தை சென்ட்ரிஃபியூஜில் சுற்றி எடுத்தால் ட்யூபின் மேல்பாதியில் சீரம் தெளிந்து நிற்கும். வெளிர் மஞ்சளாக இருக்கணும். அவருடையது மஞ்சள்தூள் கரைத்த தண்ணீர் மாதிரி இருந்தது. மெஷினில் வைக்கும் முன்பே பிலிரூபின் (மஞ்சள் காமாலையில் ரத்தத்தில் கூடுகிற மஞ்சள் நிறமி) ஏறியிருப்பது தெரிந்துவிட்டது. பசியில்லை, சாப்பிட்டால் குமட்டுகிறது என்று செரிமானத்துக்குச் சொட்டு வாங்கிக் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். "கண்ணு மஞ்சளா இருக்குன்னு வீட்ல சொன்னாங்கம்மா, அதான் வந்தேன்" என்றார். ஜிப்மரில் ஸ்கேன் பார்த்தபோது பித்தக்குழாயில் கல் அடைத்திருந்தது.

அண்ணன் இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் அந்தச் சொட்டை நம்பி ஓடிய நாட்களை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனாலோ, வலது விலாவுக்குக் கீழே வலித்தாலோ, பசி சுத்தமாக அற்றுப்போனாலோ முதலில் டாக்டரைப் பாருங்கள். கொழுப்புக் கல்லீரல் என்றால், உடல் எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைத்தாலே நல்ல மாற்றம் தெரியும். சொட்டு ஏதாவது குடித்துக்கொண்டிருந்தால் அந்த பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள், மறைக்காதீர்கள்.