தவில் விழும்போது பேஸ் கொஞ்சம் ஒதுங்கட்டும்

தவிலும் பேஸ் கிட்டாரும் சேர்ந்து வரும் பாட்டை மிக்ஸ் செய்ய எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் தவிலின் இடப்பக்கமான தொப்பியில் குச்சி விழும்போது வரும் 'தொம்'மும் பேஸின் கீழ் ஸ்வரங்களும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். ஒலியின் மேல், கீழ்ப் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் பேஸை வெட்டினால் பாட்டு முழுக்க மெலிந்துபோகும். அடி விழும் அந்தக் கணம் மட்டும் பேஸ் விலகினால் போதுமே. அதற்குத்தான் சைட்செயின்: சத்தம் ஓர் அளவைத் தாண்டினால் ஒலியைத் தாழ்த்தும் கம்ப்ரஸர் பேஸ் டிராக்கில் இருக்கும், அதை இயக்குவது தவில்.

ரீப்பர் என்ற ரெக்கார்டிங் மென்பொருளில் தவில் டிராக்கிலிருந்து பேஸ் டிராக்கின் 3, 4 சேனல்களுக்கு ஒரு சென்ட் (ஒலியின் நகலை அனுப்பும் வழி) போட்டு, பேஸ் டிராக்கில் வைத்த ரீகாம்ப் கம்ப்ரஸரின் டிடெக்டர் இன்புட்டை (எந்த ஒலியைக் கேட்டு இயங்க வேண்டும் என்பதை) ஆக்ஸிலரிக்கு மாற்றினால் சரி.

கவனிக்க வேண்டிய இடம் இனிமேல்தான். தவில் மைக்கில் வலப்பக்கமான வலந்தலையும் சேர்ந்தே விழும். கூடு மாட்டிய விரல்கள் பொழியும் ஒவ்வொரு சொல்லுக்கும் பேஸ் குனிந்தால் கேட்கவே பொறுக்காது. ரீகாம்ப்பிலேயே டிடெக்டருக்கு லோபாஸ் (கீழ் ஒலிகளை மட்டும் விடும் வடிகட்டி) இருக்கிறது. அதை 150 ஹெர்ட்ஸ் பக்கம் இறக்கி, ப்ரிவியூ ஃபில்டரை டிக் செய்து கேளுங்கள். தொப்பி மட்டும் தனியாக நிற்கும் வரை நகர்த்துங்கள்.

ரிலீஸை, அதாவது அடி ஓய்ந்த பின் பேஸ் பழைய அளவுக்குத் திரும்ப எடுக்கும் நேரத்தை, பாட்டின் வேகம் முடிவு செய்யட்டும். 90 பிபிஎம்மில் ஒரு பீட் 667 மில்லிசெகண்ட். ரிலீஸை 150 மில்லிசெகண்ட் அளவுக்கு வைத்தால் அடுத்த அடிக்குள் பேஸ் நிதானமாகத் திரும்பிவிடும். ரொம்பக் குறைக்கவும் கூடாது. 50 ஹெர்ட்ஸின் ஒரு அலைக்கே 20 மில்லிசெகண்ட் ஆகும். ரிலீஸ் அதற்கும் கீழே போனால் கம்ப்ரஸர் அலையையே துரத்திக் கரகரக்கும். கோர்வை என்னும் முடிப்புப் பகுதியில் தொப்பி அடிகள் நெருங்கும்போது பேஸ் எழவே நேரம் இருக்காது. அந்த இடத்தில் மட்டும் த்ரெஷோல்டை (கம்ப்ரஸர் இயங்கத் தொடங்கும் அளவை) ஆட்டோமேஷனில் ஏற்றிவிடுவேன்.

எவ்வளவு குறைக்கலாம்? எனக்கு 3 டெசிபல் போதும். பிரெஞ்ச் ஹவுஸ் என்ற நடன இசையில் மொத்தப் பாட்டும் கிக் டிரம்முக்கு மூச்சுவிடுவது போல ஏறி இறங்கும், அங்கே அதுதான் அழகு. நாதஸ்வரம் ஒரு ஸ்வரத்தில் நீளமாக நிற்கும்போது அடியில் பேஸ் அப்படி ஆடினால் ஸ்வரத்துக்குத் தரையே இல்லாமல் போகும். பாட்டை ஓடவிட்டு கம்ப்ரஸரை பைபாஸ் செய்து (தற்காலிகமாக விலக்கி) பாருங்கள். அப்போது தவிலின் தெளிவு போக வேண்டும், பேஸின் அளவு மாறியதாகவே தெரியக் கூடாது.

குரலுக்கும் ஸ்ட்ரிங்ஸுக்கும் இதே வழிதான், ஆனால் அங்கே தேவைப்படும் கணத்தில் மட்டும் இயங்கும் டைனமிக் ஈக்யூ வைத்து ஸ்ட்ரிங்ஸில் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை மட்டும் தாழ்த்துவேன்.