ஆடிப்பட்டத்துக்குக் கத்தரி நாற்று: நிழல்வலையை எப்போது அவிழ்ப்பது?

கடலூரில் ஒரு மொட்டைமாடி. பாலூர் 1 ரகக் கத்தரி, கூடவே கொஞ்சம் தக்காளி, மிளகாய். வைகாசிக் கடைசியில் விதைத்தால் ஆடியில் நடலாம்.

முதலில் இடம். மார்கழியில் கைப்பிடிச் சுவரின் வடபக்கம் நிழல் இருந்ததே என்று அங்கேயே நாற்றுத் தட்டை வைத்தால் ஆனியில் கருகிவிடும். கடலூரும் புதுச்சேரியும் ஏறக்குறைய 12 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை உச்சிச் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும். மூன்றடிச் சுவருக்கு டிசம்பர் நண்பகலில் வடக்கே இரண்டடி நிழல் விழும். ஜூனில் அரையடிதான், அதுவும் தெற்கே. சுவரை நம்ப முடியாது, வலைதான் கதி.

50 சதவீத நிழல் தரும் பச்சை வலையைத் தட்டுக்கு மேல் நாலடி உயரத்தில் கட்டியாயிற்று. தாழ்ந்தால் அடியில் சூடு தேங்கும். மேற்கே தரைவரை தொங்கல், கிழக்கே திறப்பு. காலை வெயில் நாற்றுக்குச் சோறு. பிற்பகல் வெயிலும் மேல்காற்றும்தான் ஆளைக் கொல்பவை. தளத்துச் சூடு ஏறாமலிருக்கத் தட்டுகள் செங்கல் மேல் போட்ட பலகையில்.

98 குழித் தட்டுக்குச் சுமார் 1.2 கிலோ தென்னை நார்க்கழிவு. விதைத்ததும் தட்டுகளை அடுக்கிப் பாலித்தீன் தாளால் மூடலாம். ஆனால் முளை தலைகாட்டிய அன்றே பிரித்து வெளிச்சத்தில் பரப்ப வேண்டும். ஒருநாள் தாமதித்தாலே தண்டு வெளுத்து நூலாக நீண்டுவிடும். தக்காளியைத் தண்டு புதைய ஆழமாக நட்டுச் சமாளிக்கலாம், புதைந்த இடத்தில் வேர் விடும். கத்தரிக்கு அந்தச் சலுகை இல்லை.

75 சதவீத வலைக்கடியில் வைத்த தட்டு பார்க்கப் பச்சைப்பசேலென்று இருந்தது. கிட்டே போனால் இலை மெல்லிசு, கணுவுக்குக் கணு இடைவெளி, தட்டு மேலெல்லாம் பாசி. நாற்றழுகலும் அதில்தான் முதலில் வந்தது: மண்மட்டத்தில் தண்டு ஈரம் கோத்துப் பழுப்பாகிச் சுருங்கி, மேலே இலை பச்சையாக இருக்கும்போதே சாய்கிறது. நிழலும் ஈரமும் காற்றோட்டமின்மையும் சேர்ந்தால் இதுதான் நடக்கும். காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து வேர்ப்பகுதி நனைய ஊற்றினால் பரவுவது நிற்கும், சாய்ந்தது எழாது. நீர் காலையில் மட்டும். நார்க்கழிவு மேலே காய்ந்து தெரிந்தாலும் அடியில் ஈரமாக இருக்கும், தட்டைத் தூக்கி எடை பார்ப்பதே சரி.

வலையை அவிழ்ப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நடும் நாள்வரை நிழலில் வைத்திருந்து நேராக வெயிலில் நட்டால் இரண்டே நாளில் இலையில் காகிதம்போல் வெள்ளைத் திட்டு விழும். அது வெயில் காயம், ஆறாது. நண்பகலில் தொங்கி மாலையில் நிமிர்வது வேறு, அதற்குப் பயப்பட வேண்டாம். மூன்றாம் இலை விரிந்ததும் முதல் இரண்டு நாள் ஒன்பது மணிவரை வெயில், பிறகு பத்தரைவரை, அப்புறம் மூன்றரைக்குமேல் மாலை வெயிலும். உச்சி வெயில் கடைசியில்தான். மொத்தம் ஒரு வாரம், பத்து நாள். கூடவே தண்ணீரையும் குறைக்க, தண்டு ஊதாப்பூத்து விறைக்கும்.

நடவு மாலையில். மேற்கே ஒரு பனையோலைத் துண்டைச் செருகி நாலு நாளில் பிடுங்கிவிடலாம். வெண்டை, கீரைக்கு இந்தப் பாடே வேண்டாம், நேரடி விதைப்பும் முழு வெயிலும் போதும்.

ஐப்பசி மழையில் கதை வேறு: வலையில் திரண்டு விழும் துளி நாற்றைச் சாய்த்துவிடும். அப்போது வலைக்குப் பதில் தெளிந்த பாலித்தீன் தாளைச் சரிவாகக் கட்டி, பக்கங்களைத் திறந்து விடவேண்டும்.