சாக்கடைக்குப் போகும் நல்ல தண்ணீர்

அப்பாவின் டயாலிசிஸில் மூன்றாவது மணி நேரம்தான் எனக்குப் பயம். ரத்த அழுத்தம் சரியும். கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். செவிலியர் ஓடிவந்து கால்மாட்டை உயர்த்தி, உடலில் மிஞ்சிய நீரை இயந்திரம் இழுக்கும் வேகத்தைக் குறைப்பார்.

அந்தப் பயம் ஒருபுறம் இருக்க, அங்கே வீணாகும் தண்ணீர் இன்னொரு கவலை. ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் திரவம் நிமிடத்துக்கு 500 மி.லி. என்றால், நான்கு மணி நேரத்தில் ஒருவருக்கு 120 லிட்டர் ஓடுகிறது. அதற்கான தூய நீரைத் தயாரிக்கும்போது ஆர்.ஓ. இயந்திரம் ஒதுக்கும் நீர் தனி. அது நோயாளியின் பக்கமே போகாதது. உப்புதான் கொஞ்சம் கூடுதல். அதையும் சாக்கடையில் விடுகிறார்கள். தெருவில் லாரித் தண்ணீருக்குக் குடங்கள் காத்திருக்க, வயிறு எரிகிறது. ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகரில் இந்த நீரைச் சேமித்துக் கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் பயன்படுத்திக் காட்டினார்கள். இங்கே ஒரு தொட்டியும் குழாயும் வைத்துத் தொடங்கலாமே! அப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்கும் இடத்தின் நிர்வாகத்துக்கு மனு எழுதியிருக்கிறேன். அங்கே வருகிற குடும்பத்தார் தயவுசெய்து கையெழுத்திடுங்கள்.