என்சிலெக்ஸ் படிக்கிறவர்களுக்கு: பண்பாட்டுக் கேள்விகளை நான் எப்படிப் பிடித்தேன்

அமெரிக்காவில் செவிலியர் உரிமம் வாங்க எழுத வேண்டிய என்சிலெக்ஸ் (NCLEX) தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்த முதல் மாதம் எனக்கு அதிகம் தப்பானது நோயாளிகளின் பண்பாடு பற்றிய கேள்விகள்தான். மருந்துக் கணக்கெல்லாம் சரியாக வரும், இது மட்டும் வராது. முஸ்லிம் என்றால் இப்படி, சீனர் என்றால் இப்படி என்று அட்டவணை போட்டு உருப்போட்டிருந்தேன், அதனால் வந்த வினை.

ஒரு பயிற்சிக் கேள்வி: சர்க்கரை நோயுள்ள ஒருவர் ரமலான் நோன்பு இருக்கப் போகிறேன் என்கிறார், செவிலியர் முதலில் என்ன செய்ய வேண்டும்? உடம்பு முடியாதவர்களுக்கு நோன்பில் விலக்கு உண்டு என்று தெரியுமே, அதை எடுத்துச் சொல்வதுதான் விடை என்று தேர்ந்தெடுத்தேன். தப்பு. எத்தனை மணிக்குச் சாப்பிடுவார், இன்சுலின் எப்போது போடுகிறார், நோன்பை எப்படி நடத்த நினைக்கிறார் என்று அவரிடமே கேட்பதுதான் விடை. 'முதலில்' என்று கேள்வியில் இருந்தால், மூச்சுத்திணறலோ ரத்தப்போக்கோ இல்லாத வரைக்கும், கொடுத்திருக்கும் விடைகளில் கேட்டறிவது எந்த வாய்ப்பில் இருக்கிறது என்று தேடுங்கள்.

அப்புறம் மேடலின் லைனிங்கர். 1960-களின் தொடக்கத்தில் பப்புவா நியூ கினியில் காட்சுப் மக்களோடு தங்கி ஆய்வு செய்த செவிலியர் இவர். நோயாளியின் வழக்கத்தை அப்படியே காப்பது, பேசி ஒத்துப்போவது, மாற்றியமைக்க உதவுவது என்று இவர் சொன்ன மூன்று வழிகளும் எனக்குக் குழம்பிக்கொண்டே இருந்தன, நம் ஊர்ப் பிரசவ வார்டை நினைத்துப் பார்க்கும் வரை. பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பு கொடுக்கிறார்களா, கொடுக்கட்டும். பத்தியம் என்று தண்ணீரைக் குறைக்கிறார்களா, வெந்நீராக நிறையக் குடிக்கலாமா என்று அந்தப் பாட்டியிடம் பேசிப் பார்க்கலாம். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுக் கழுதைப்பால் புகட்டப் போகிறார்கள் என்றால் அது மாற வேண்டிய வழக்கம், ஆனால் அதையும் திட்டி மாற்ற முடியாது.

மொழிபெயர்ப்பாளர் பற்றிய கேள்வி வந்தால் எனக்கு ஒரு முகம்தான் ஞாபகம் வரும். நான் முன்பு வேலை பார்த்த மருத்துவமனையில் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்த ஒடிசாத் தொழிலாளி. வலிக்கிறதா என்று கூட வந்த மேஸ்திரி மூலமாகக் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல சிஸ்டர், நல்லாத்தான் இருக்கான்" என்றார், நானும் அப்படியே எழுதிவைத்தேன். இந்தி தெரிந்த சிஸ்டர் அடுத்த ஷிப்டில் வந்து கேட்டபோது பத்துக்கு எட்டு என்று விரலைக் காட்டினாராம். அத்தனை மணி நேரமும் வலியோடு கிடந்திருக்கிறார், இன்றைக்கும் மனசு கேட்கவில்லை. உறவினரையோ குழந்தையையோ முதலாளியையோ வைத்து மொழிபெயர்க்கக் கூடாது, பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் இருக்கும்போதும் நோயாளியின் முகத்தைப் பார்த்துத்தான் பேச வேண்டும் என்று புத்தகம் சொல்வது இதற்காகத்தான்.

ரத்தம் ஏற்ற மறுக்கும் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் பற்றியும் கட்டாயம் பாருங்கள். முழு ரத்தம், சிவப்பணு, பிளாஸ்மா இவற்றை அவர்கள் ஏற்பதில்லை. ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் அல்புமின் போன்றவை அவரவர் மனசாட்சிப்படி, ஆகவே அங்கேயும் கேட்க வேண்டும். சுயநினைவோடு இருக்கும் வயதுவந்த ஒருவர் மறுத்தால் டாக்டரிடம் தெரிவித்துப் பதிவு செய்யுங்கள், வற்புறுத்துவதாக வரும் வாய்ப்பை அடித்துவிடுங்கள்.

கடைசி மூன்று வாரம் நான் புதிதாக எதையும் படிக்கவில்லை. தப்பான ஒவ்வொரு கேள்வியையும் நோட்டில் எழுதி, கீழே 'இவரிடம் நான் எதைக் கேட்காமல் விட்டேன்?' என்று ஒரு வரி மட்டும் எழுதினேன்.