மூக்குப்பொடி டப்பாவில் தொடங்கிய ஊழியம்

1792 அக்டோபர் 2. இங்கிலாந்தின் கெட்டரிங்கில், ஒரு வீட்டில் கூடிய பாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் போதகர்கள் வெளிநாட்டு ஊழியத்துக்குத் தருவதாக எழுதிக்கொடுத்தது 13 பவுண்டு 2 ஷில்லிங் 6 பென்ஸ். சீட்டுகள் விழுந்தது அவர்களில் ஒருவரான ஆண்ட்ரூ ஃபுல்லரின் மூக்குப்பொடி டப்பாவில். அன்று பிறந்ததுதான் பாப்டிஸ்ட் மிஷனரி சங்கம்.

அந்தச் சங்கம் வங்காளத்துக்கு அனுப்பிய மிஷனரி வில்லியம் கேரியை எல்லாருக்கும் தெரியும். எனக்கு ஃபுல்லர்மேல்தான் மரியாதை அதிகம். தன் சபையையும் கவனித்துக்கொண்டு, 1815இல் சாகும்வரை சங்கச் செயலாளராக இருந்து, ஸ்காட்லாந்து வரை அலைந்து காசு திரட்டினார். 1812இல் வங்காளத்தின் செராம்பூரில் கேரி குழுவினரின் அச்சகம் எரிந்தபோது, செய்தி போய்ச் சேர்ந்த சில மாதங்களிலேயே நஷ்டத்தை ஈடுகட்டும் பணம் சேர்ந்துவிட்டது.

அவர் போன பிறகு, சொத்து யார் பொறுப்பில் என்று சங்கத்துக்கும் செராம்பூர் மிஷனரிகளுக்கும் பெரிய தகராறு. 1827இல் பிரிந்தே போனார்கள். அப்போதைய கமிட்டியில் பலர் கேரிக்கு முகம்கூடத் தெரியாதவர்கள். இதைப் படித்ததிலிருந்து மனசு கனத்துக் கிடக்கிறது.