சியாக் நாட்குறிப்பு: கோத்தா திங்கியின் மறுகரை

2024 ஆகஸ்ட் 13, செவ்வாய்

மலாக்காவில் காலையில் ஏறிய படகு மதியத்துக்குள் இந்தோனேசியாவின் சுமத்திராத் தீவிலுள்ள டுமாயில் இறக்கிவிட்டது. முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் இந்த மலாக்கா நீரிணையைச் சாக்கட்டியால் வரைந்திருக்கிறேன். கடந்தது இன்றுதான்.

டுமாயிலிருந்து காரில் பல மணி நேரம். சாலையோரமாகவே எண்ணெய்க் குழாய்கள் துருவேறி, கூடவே வருகின்றன. குழாய் விட்டால் செம்பனை, செம்பனை விட்டால் மறுபடியும் செம்பனை. எங்கள் ஜொகூரே கூட வருவதுபோல் இருந்தது. மினாஸ் எண்ணெய் வயல் சியாக் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஜப்பானியர் காலத்தில், 1944இல், அங்கே எண்ணெய் கிடைத்தது. இந்த மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் இங்கே வந்து ஊர் கட்டினார். அவரைத் தேடித்தான் வந்திருக்கிறேன்.

இருட்டிய பிறகு சியாக் ஸ்ரீ இந்திரபுராவுக்கு வந்து சேர்ந்தேன். தங்குமிடத்தின் உரிமையாளர் ஐம்பது வயதுப் பெண்மணி. என்னை ‘காக்காக்’ என்று அழைக்கிறார். அக்கா என்று பொருள். பேச்சு எங்கள் ஊர் மலாய்தான், மாறுபாடு மிகக் குறைவு. எந்த ஊர் என்று கேட்டார். ஜொகூரில் கோத்தா திங்கி என்றேன். கையிலிருந்த தேநீர்த் தட்டை மேசையில் வைத்துவிட்டு, “சுல்தான் மஹ்மூட் அடங்கிய ஊரா?” என்றார். வெளிநாட்டில் என் ஊரை இப்படி யாரும் அடையாளம் சொன்னதில்லை.

ஆகஸ்ட் 14, புதன்

விடிந்ததும் ஆற்றங்கரைக்குப் போனேன். தண்ணீர் கடுங்காப்பி நிறம். கரி மண் சதுப்புகளிலிருந்து இறங்கி வருவதால் அந்த நிறம். கையில் அள்ளினால் அழுக்கு இல்லை. தேநீர் போலத் தெளிவாக இருக்கிறது, விரல் ரேகை தெரிகிறது. ஆழம் அதிகம் என்பதால் பெரிய கப்பல்களும் உள்ளே வருகின்றன. இதற்குப் பழைய பெயர் ஜந்தான் ஆறு. கரையோர நடைபாதைக்கு அந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

அரண்மனை ஆற்றைப் பார்த்து நிற்கிறது. அஸ்ஸெராயா ஹாஷிமியா என்று பெயர். சுல்தான் ஷரிஃப் ஹாஷிம் 1889இல் தொடங்கி 1893இல் முடித்தார். கூரை முனைகளில் கழுகுச் சிலைகள். வாசலுக்குப் பக்கத்தில் சுல்தானின் சிறிய நீராவிக் கப்பலைக் கரையேற்றி நிறுத்தியிருக்கிறார்கள். பலகையில் ‘கப்பால் காத்தோ’ என்று எழுதியிருக்கிறது. நம் கப்பல்தான் மலாயில் கப்பால் ஆயிற்று. எதிர்ச் சாரியில் காப்பிக் ‘கெடாய்’, அது நம் கடை. அரண்மனைக்குள்ளே ஒரு கனத்த இரும்புப் பெட்டகம், அதற்குப் பெயர் ‘பெத்தி’. நம் பெட்டியேதான். இதுவரை யாராலும் திறக்க முடியவில்லையாம். சாவி ஆற்றில் வீசப்பட்டதாக வழிகாட்டி இளைஞர் சொன்னார். சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது.

நான் நெடுநேரம் நின்றது ‘கோமெட்’ முன்னால். ஆளுயர மரப்பெட்டி, கண்ணாடிக் கதவு, உள்ளே பெரிய தாம்பாளத்தைவிடப் பெரிய இரும்புத் தட்டு. ஜெர்மனியில் செய்த இசைக்கருவி. தட்டு முழுவதும் துளைகள், வட்ட வட்டமாக. ஒவ்வொரு துளையின் ஓரத்திலும் தகடு சிறு பல்லாக மடிந்து நிற்கிறது. தட்டு சுழலும்போது அந்தப் பற்கள் நெருடி ஒலி எழும்பும். பீத்தோவன், மொசார்ட் எல்லாம் இந்தத் துளைகளுக்குள் இருக்கிறார்கள். சதுப்புக்காட்டு ஆற்றங்கரையில், மாலை மழைக்கு நடுவே அந்த இசை கேட்டிருக்கும். இன்று அதற்குச் சாவி கொடுக்கவில்லை.

அடுத்த கூடத்தில் மகுடம். பொன்னும் மணியுமாக மின்னுகிறது. ஆனால் அசல் ஜகார்த்தா தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது, இங்கே இருப்பது நகல். முதலில் மனம் சுருங்கிப்போனது. பிறகு காரணம் நினைவுக்கு வந்தது. இதைப் பற்றி நாளை மறுநாள் எழுதுகிறேன். கடைசி சுல்தானின் கல்லறையைப் பார்க்காமல் எழுதக் கூடாது.

ஆகஸ்ட் 15, வியாழன்

புவாந்தான் போய் வந்தேன். நான் தேடி வந்த ராஜா கெச்சில் அங்கேதான் அடங்கியிருக்கிறார்.

எங்கள் ஊர்க் கதையை எழுதாமல் இந்தப் பயணம் யாருக்கும் புரியாது. ஜொகூர் சுல்தான் மஹ்மூட் 1699இல் கோத்தா திங்கியில் கொல்லப்பட்டார். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பல்லக்கில் தூக்கிப் போகும்போது மெகாட் ஸ்ரீ ராமா குத்தினான். மெகாட் கடற்படைத் தலைவன். அவனுடைய கர்ப்பிணி மனைவி அரண்மனைப் பலாச்சுளை ஒன்றைத் தின்றாள் என்பதற்காக, சுல்தான் அவள் வயிற்றைக் கிழிக்கச் செய்தாராம். எங்கள் ஊர்க் கம்போங் மாக்காமில் சுல்தானின் கல்லறை இருக்கிறது. சிறு வயதில் அந்த வழியாகத்தான் பள்ளிக்கு நடப்போம். பலாச்சுளையை வாயில் வைக்கும்போதெல்லாம் பாட்டி அந்தக் கதையைச் சொல்வார்.

மஹ்மூடுக்கு வாரிசு இல்லை, முதலமைச்சரான பெண்டஹாரா அரியணை ஏறினார். அத்துடன் எங்கள் ஊரில் கதை முடிந்துவிடும். பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1718இல், மேற்குச் சுமத்திராவின் மினாங்கபாவ் படையுடன் ஒருவர் வந்து ஜொகூரைப் பிடித்தார். நான் மஹ்மூடின் மகன், தாய் வயிற்றில் இருக்கும்போதே காப்பாற்றப்பட்டு, மினாங்கபாவ் மக்களின் பகாருயோங் அரண்மனையில் வளர்ந்தேன் என்றார். அவர்தான் ராஜா கெச்சில். சுலவேசியைச் சேர்ந்த பூகிஸ் வீரர்கள் அவரை விரட்டினார்கள். 1723இல் இங்கே வந்து புவாந்தானில் சியாக் அரசை நிறுவினார்.

‘உரிமை கோரியவர்’ என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். முப்பது ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன்.

கல்லறை எளிமையானது. இரண்டு நடுகற்களிலும் மஞ்சள் துணி சுற்றியிருக்கிறது. மலாய் அரச குலத்தின் நிறம். கம்போங் மாக்காமிலும் இதே மஞ்சள்தான். துணி புதிது. முடிச்சில் இன்னும் கஞ்சியின் விறைப்பு போகவில்லை. இந்த வாரம் யாரோ வந்து மாற்றிக் கட்டியிருக்க வேண்டும். இறந்து 278 ஆண்டுகளான ஒருவருக்கு. அவர் மஹ்மூடின் மகனா இல்லையா என்ற கேள்வியை அந்த முடிச்சுக்கு முன்னால் என்னால் கேட்க முடியவில்லை. மகனாகவே அவரை ஏற்றுக்கொண்டு முந்நூறு ஆண்டுகளாக ஓர் ஊர் வாழ்ந்திருக்கிறது. இந்தப் பாதியை என் மாணவர்களிடம் நான் சொல்லவே இல்லை. அது என் குறை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

காலையில் நெசவு பார்த்தேன். இங்கே தறிக்குக் ‘கிக்’ என்று பெயர். மூங்கில் குருத்து வடிவம் பொன்னிழையில் ஓடுகிறது.

தொழுகைக் கூட்டம் கலைந்த பிறகு ஷஹாபுதீன் பள்ளிவாசலுக்குப் போனேன். கடைசி சுல்தான் இரண்டாம் ஷரிஃப் காசிம் அதன் பக்கத்தில் அடங்கியிருக்கிறார். அரண்மனை கட்டி முடித்த 1893ஆம் ஆண்டில்தான் அவர் பிறந்தார். 1915இல் முடிசூடினார். மதரசா கட்டினார். அரசியார் பெண்களுக்காகப் பள்ளி தொடங்கினார். 1858 உடன்படிக்கையிலிருந்தே டச்சுக்காரர்களின் கை மேலோங்கியிருந்த அரசு அது. 1945இல் இந்தோனேசியா விடுதலையை அறிவித்தபோது, தம் அரசைக் குடியரசுடன் சேர்த்தார். கூடவே ஒரு கோடியே முப்பது லட்சம் கில்டர் பணத்தையும் எடுத்துக் கொடுத்தார். மகுடத்தையும் கொடுத்தார். மற்ற அரசுகளில் பல சுல்தான்கள் டச்சுக்காரர் திரும்பி வருவார்களா என்று பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது.

குழந்தைகள் இல்லை. 1968இல் காலமானார். முப்பது ஆண்டுகள் கழித்துத் தேசிய வீரர் என்று அறிவித்தார்கள். பெக்கான்பாரு விமான நிலையத்துக்கு அவர் பெயர்தான். கண்ணாடிப் பேழையில் நகல் மகுடம் இருப்பது குறையாக இப்போது தெரியவில்லை. அசல் தொலைந்துபோகவில்லை, கொடுக்கப்பட்டது.

ஆகஸ்ட் 17, சனி

விடுதலை நாள். அரண்மனைக்கு எதிரே சிவப்பும் வெள்ளையும். தெருமுனையில் கமுகு மரம் நட்டுக் கொழுப்பு தடவியிருந்தார்கள். நம் வழுக்குமரம்தான். உச்சியில் சைக்கிள், வாளி, சட்டைகள். எட்டுப் பையன்கள் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி மூன்று முறை சரிந்தார்கள். நான்காம் முறை, மேலே இருந்தவன் வாளியைப் பறித்து எறிந்தான். கூட்டம் எழுப்பிய சத்தத்தில் சீனர் தெருப் புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின.

மாலையில் தெங்கு அகோங் சுல்தானா லதிஃபா பாலத்தில் நடந்தேன். 2007இல் திறந்த பாலம். கடைசி சுல்தானின் அரசியார் பெயர். ஆற்றுக்கு மேலே நின்றால் அரண்மனை கைக்கு அடக்கமாகத் தெரிகிறது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

கார் விடியற்காலையிலேயே வந்துவிட்டது. வாசலில் அந்த அம்மாள் ஒரு சிறு பன்னீர்ப் புட்டியைக் கையில் கொடுத்தார். “கம்போங் மாக்காமில் தெளியுங்கள், காக்காக். கடல் தாண்டி அங்கே வர எனக்கு வாய்க்குமா தெரியவில்லை. எங்கள் ராஜாவின் தகப்பனார் அல்லவா” என்றார்.

மூடி கசியாமல் இருக்கப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, உடுப்புகளுக்கு நடுவே வைத்திருக்கிறேன். படகு ஏற இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது.